கைப்பிடி சாமிகிட்ட இருக்கு

பிரமிளாவுக்குத் தலைக்கனம் என்று சிம்பாங் அம்பாட் பட்டறையில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டுமே. பதினோரு வருஷமாக அந்தப் பட்டறை வாசலைத் தாண்டிய ஒவ்வொரு கிரேனின், ஒவ்வொரு ஸ்கைலிஃப்டின் சோதனைத்தாளிலும் அவள் கையெழுத்து இருந்திருக்கிறது. ஒன்றுகூடப் போன இடத்தில் மானத்தை வாங்கியதில்லை. அந்தக் கனம் தலைக்கு ஏறாமல் வேறு எங்கே ஏறும்?

அவள் ஒன்றும் ஸ்பேனரோடு பிறந்தவள் இல்லை. சுங்கை பினாங் அடுக்குமாடியில் பிறந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து வேலை பார்த்தவள். அந்தப் பிரிவை மூடினார்கள். வினோதன் என்பவரின் பட்டறையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி இடம் காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி அக்கரைக்கு வந்து சேர்ந்தாள். வினோதன் யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தாவும் அப்பாவும் அரசாங்க ஆபீசில் பேனா பிடித்தவர்கள். இவர் ஒருவர்தான் இரும்புப் பக்கம் தப்பி வந்தவர், ஆனாலும் ரத்தம் விடுமா? பட்டறையில் இயந்திரத்தைவிடக் கோப்புகள் அதிகம்.

அந்தக் கோப்புகளின் சோதனைத்தாள்களை நிரப்புவதுதான் பிரமிளாவின் வேலை. மூன்றாவது வாரத்தில் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள்.

"பாஸ், 'அவசர இறக்கம் சோதிக்கப்பட்டது'ன்னு எல்லாத்துலயும் டிக் போட்டிருக்கு. யாரு சோதிச்சா?"

வினோதன் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கூரையைப் பார்த்தார். கூரைக்குப் பதில் தெரியவில்லை.

"எறங்குதான்னு பாக்காம எறங்கும்னு எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளில் கைவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு வருஷம் சனி ஞாயிறு வகுப்புக்குப் போனாள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் புருஷன் அந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். எண்ணெய் எந்தக் குழாயில் போய் எந்த வால்வில் நிற்கிறது என்று அவள் விரலால் தொட்டுக் காட்டக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக் ஓய்வு பெற்றதும் வினோதன் வேறு ஆளைத் தேடவே இல்லை.

ஸ்கைலிஃப்ட் என்பது லோரியின் முதுகில் ஒரு நீளக் கை. அதைப் பூம் என்பார்கள். அதன் நுனியில் ஒரு கூடை, கூடைக்குள் ஓர் ஆள். எண்ணெயின் அழுத்தம்தான் கையைத் தூக்குகிறது, நீட்டுகிறது. எண்ணெய் தள்ளும் பம்ப் செத்துப்போனால் கை பொத்தென்று விழாது, வால்வு பிடித்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் கீழேயும் வராது. அப்போது மேலே இருப்பவனுக்கு இரண்டே கதி. கையை உள்ளே இழுக்க லோரியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு கைப்பம்ப். எண்ணெயை விட்டுக் கையை இறக்க பூமின் அடியில் இருக்கும் ஒரு சின்ன வால்வு. கைப்பம்பை அடிக்க முழங்கை நீளத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. அது பக்கத்திலேயே ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாது. அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிரமிளா பார்ப்பாள். திங்கட்கிழமை தோறும் கூடையில் மணல் மூட்டையை ஏற்றி, பூமை உயர்த்தி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே அடித்து இறக்குவாள். "அக்காவோட திங்கக்கெழம விரதம்" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். சோதனைத்தாளில் பதினான்காவது கட்டம்: கைப்பிடி இடத்தில் உள்ளது. அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை.

இனி ஓர் ஆயுத பூஜைக்கு வருவோம். வினோதன் பட்டறையில் ஒரு பழக்கம். இயந்திரங்களைச் சாமி அறைக்குள் கொண்டுவர முடியாதல்லவா? அதனால் ஒவ்வொரு வண்டியின் சார்பாகவும் அதன் ஒரு பொருளை எடுத்து வந்து படத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஒரு வண்டிக்கு ஸ்பேனர், இன்னொன்றுக்குக் கொக்கி. சந்தனம், குங்குமம், பூ. மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

அந்த வருஷம் மறுநாளைக்கான சோதனைத்தாள்களை பிரமிளா பூஜைக்கு முன்பே சாயந்திரம் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எல்லாம் சரி, பதினான்காவது கட்டமும் சரி. அப்புறம்தான் மூன்றாம் நம்பர் ஸ்கைலிஃப்டுக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. கண்ணில் பட்டது கைப்பிடி. அவளே வாராவாரம் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது. கழற்றிக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் நடுவில் வைத்தாள், சந்தனப் பொட்டு வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. நாளைக்கு மதியம் இரண்டு மணிக்குத்தானே நல்ல நேரம், அதுவரை வண்டிக்கு என்ன வேலை?

வேலை வந்தது. லிட்டில் இந்தியாவில் தீபாவளி அலங்காரத்துக்கு எடுத்திருந்த வேறு கம்பெனி வண்டி வரவில்லை என்று காலை ஏழு மணிக்கு டிரைவர் யுகேந்திரனுக்குப் போன் போனது. பட்டறைக்குப் போனான். தாளைப் பார்த்தான். பிரமிளா அக்கா கையெழுத்து. அதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்றாம் நம்பரை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டிவிட்டான்.

பதினொன்றரைக்கு பிரமிளா சுங்கை பினாங் வீட்டில் தலைக்குக் குளித்துத் துவட்டிக்கொண்டிருந்தபோது யுகேந்திரனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மூணாம் நம்பரு நின்னுபோச்சு. பிச்சைமுத்து அண்ணே மேல மாட்டிக்கிட்டாரு."

"என்னாச்சு?"

"அடியில டமார்னு சத்தம். இன்ஜின் ஓடுது, பம்ப் சுத்தல. பம்பச் சுத்துற ஷாஃப்ட் ஒடைஞ்சிருச்சுன்னு நெனக்கிறேன்."

"லோரியத் தாங்குற கால் நாலும் ரோட்டுல ஊனியிருக்கா?"

"ஊனியிருக்குக்கா."

"ஒண்ணையும் தொடாத. வந்துட்டேன்."

ஈரத்தலையோடு மோட்டாரில் ஏறினாள். பத்து நிமிஷம். வழியெல்லாம் மனசுக்குள் கணக்குத்தான்: பூம் எவ்வளவு நீண்டிருக்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கும். பயம் துளிகூட இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பதினோரு வருஷ விரதத்துக்கு இன்றைக்குத்தான் சாமி கண் திறந்திருக்கிறது, வந்து பாருங்கடா என்று இருந்தது அவளுக்கு.

கடைத்தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலு மாடி உயரத்தில் கூடை. அதற்குள் பிச்சைமுத்து, ஐம்பத்தேழு வயது வயர்மேன். வருஷா வருஷம் அந்தத் தெருவுக்கு விளக்கு கட்டுபவர், வாய் கொஞ்சம் நீளம். பூம் ஒரு பழைய கடையின் ஓட்டுக்கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கூடைக்கு நேர் கீழே ஓடு, ஓட்டை ஒட்டி மின்கம்பிகள். கொம்தார் கோபுரத்துப் பக்கம் வானம் கறுத்து வந்தது, தூரத்தில் ஓர் இடி.

"கைப்பம்ப அடிச்சியா?" என்றாள் யுகேந்திரனிடம்.

"எதால அடிக்கிறது? கைப்பிடியக் காணோம்கா! எந்தக் களவாணிப் பயலோ தூக்கிட்டுப் போயி பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டான்."

பிரமிளா காலிக் கொக்கியைப் பார்த்தாள். கைப்பிடி சாமிகிட்ட இருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம், பூட்டிய பட்டறைக்குள், சந்தனப் பொட்டோடு. போய் எடுத்துவர இந்த நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வைத்தது அவள். இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டதும் அவள். வாயைத் திறந்து சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்ல வரவில்லை.

"பிரமிளா!" மேலே இருந்து பிச்சைமுத்து கத்தினார். "காலையில ஊசி போட்டுட்டு வந்தேன், பசியாறல. கை நடுங்குது தங்கச்சி!"

அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி என்பது ஊருக்கே தெரியும். பிரமிளாவுக்கு அப்போதுதான் மூச்சே திரும்பியது. செய்ய ஒரு வேலை கிடைத்தால் அவள் மனுஷி ஆகிவிடுவாள்.

"ஹாஜராக்கா! ஒரு தே ஐஸ் பொங்கோஸ். கெட்டிப்பால் ரெண்டு மடங்கு ஊத்துங்க!"

தெருமுனையில் சித்தி ஹாஜராவின் தேத்தண்ணிக் கடை. பெரிய குடைக்குக் கீழே நாலு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. ஹாஜரா ஐஸ் போட்ட பால்தேநீரைப் பொட்டலமாகப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஓடி வந்தார். பிச்சைமுத்து சாமான் இழுக்க வைத்திருந்த கயிற்றைக் கீழே விட்டார். தே ஐஸ் ஆடி ஆடி மேலே போனது. தெருவே அண்ணாந்து பார்த்தது.

"ஸ்ட்ரோ எங்க?" என்றார் பிச்சைமுத்து.

"பையக் கடிச்சுக் குடிங்கண்ணே! இப்ப ஸ்ட்ரோ ஒண்ணுதான் கொறச்சல்!"

கூட்டம் சிரித்தது. அவர் குடித்தார். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். இடிக்கு அவ்வளவு நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

யாரோ பொம்பாவுக்குப் போன் செய்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தும் பயனில்லை. தெரு வாசலில் பாதி கட்டியிருந்த தீபாவளி வளைவு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி கமாலுதீன் இரண்டு ஆட்களோடு நடந்தே உள்ளே வந்தார். "வளைவைப் பிரிக்க அரை மணி நேரம் ஆகும். கக், உங்களால் முடியுமா?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார்.

"முடியும்," என்று அவளும் மலாயிலேயே சொன்னாள்.

எதை வைத்து? லோரியின் ஜாக்கிக் கம்பியை வைத்துப் பார்த்தாள், பம்பின் துளைக்குள் நுழையவில்லை. ஸ்பேனர் லொடலொடவென்று கழன்றது. பக்கத்துத் துணிக்கடையில் துடைப்பக் கட்டை வாங்கி வந்தான் யுகேந்திரன். மூன்றாவது அடியில் படக்கென்று முறிந்தது. முதல் துளி அவள் கன்னத்தில் விழுந்தது. காற்று எழும்பி ஹாஜராவின் குடை படபடவென்று அடித்தது, பிரமிளா திரும்பினாள். குடையைத் தாங்கிய இரும்புக் குழாயில் அவள் கண் நின்றது.

மழை வருகிற நேரத்தில் ஒரு பொம்பளையின் கடையை நனைய விடச் சொல்லி எப்படிக் கேட்பது? ஹாஜரா அவள் முகத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், திருகாணியைக் கழற்றிக் குடையைச் சாய்த்துவிட்டார்.

"எடுத்துக்கம்மா. நனைஞ்சா காயும். அவரு விழுந்தா?"

குழாய் துளைக்குள் போனது. கொஞ்சம் தளர்வு. நேற்றுப் பூஜையில் லோரியின் கண்ணாடியில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் குழாயின் நுனியில் சுற்றி அடித்து இறுக்கினாள். பிடித்துக்கொண்டது.

நேராகக் கீழே இறக்கினால் கூடை ஓட்டின் மேல் உட்காரும், கம்பியில் சிக்கும். முதலில் பூமை உள்ளே இழுக்க வேண்டும், பிறகு தெருப்பக்கம் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் இறக்கம். இதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. திங்கட்கிழமைகள் யோசித்துக்கொண்டன. பம்பின் பக்கத்திலிருந்த திருப்பியை 'உள்ளே' என்ற குறிக்கு மாற்றி அடிக்கத் தொடங்கினாள். ஓர் அடி நீளம் உள்ளே வர இருபது தடவை அடிக்க வேண்டும். பதினோரு அடி நீண்டிருக்கிறது. இருநூற்றிருபது.

"எண்ணு!" என்றாள் யுகேந்திரனிடம்.

குழாய் வெறும் உள்ளீடற்றது, நுனியில் பிடித்தால் மடங்கிவிடும். அடியில் பிடித்தால் கை பிய்ந்துபோகிற கனம். அடியில்தான் பிடித்தாள். அறுபதில் தோள் எரிந்தது. எழுபதில் மழை கொட்டியது. நூறில் கமாலுதீன் சட்டைக் கையை மடித்துவிட்டு, தள்ளுங்கள் என்று சைகை காட்டினார். கொடுத்தாள், ஆனால் குழாயை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர் கையை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். அதிகாரி மறுபேச்சு இல்லாமல் அவள் சொன்ன இடத்தில் பிடித்தார். மேலே கூடை விரல் விரலாகக் கூரையைவிட்டு விலகியது.

"இருநூத்தி இருவது!"

திருப்பும் பல்சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டு அவளே சுற்றினாள். கூடை தெருவுக்கு நடுவே வந்தது. அப்போது மின்னி, உடனேயே இடித்தது. கூட்டம் கத்திக்கொண்டு கடைவாசல் அஞ்சடித் தாழ்வாரத்துக்குள் ஓடியது. பிச்சைமுத்து கூடைக்குள் தலையைக் குனிந்து குந்திக்கொண்டார்.

பிரமிளா பூமின் அடியில் குனிந்து வால்வில் இரண்டு விரலை வைத்தாள். அவசரம்தான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் கூடை குதிக்கும், உள்ளே இருப்பவரைத் தூக்கி எறியும். கால் திருகு. எண்ணெய் ஸ்ஸ்ஸென்று கிளம்பியது. அந்தச் சத்தம் சரியாக இருந்தது, அதை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். கூடை இறங்கியது. மூன்று மாடி. இரண்டு. ஒன்று. வால்வை மெல்ல மூடினாள். கூடை தார் ரோட்டைத் தொட்டபோது ஒரு சத்தம்கூட வரவில்லை.

தெரு கைதட்டியது. கமாலுதீன் தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலையசைத்தார். பிச்சைமுத்து இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, என் உசுரக் குடுத்துட்ட" என்று அழுதார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் பிரமிளா அந்தப் புகழைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பாள். இப்போது அது உடம்பில் குத்தியது.

"களவாணிப் பசங்க மட்டும் கைப்பிடிய எடுக்காம இருந்திருந்தா…" என்று யுகேந்திரன் எல்லாருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"டேய், நிறுத்து," என்றாள் பிரமிளா. "யாரும் களவாடல. நான்தான் எடுத்தேன். பூஜையில வெச்சிருக்கேன். இருக்குன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

பிச்சைமுத்து பிடித்திருந்த கையை விட்டார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "என் உசுரோட வெளையாடிட்டியே," என்று சொல்லிவிட்டு, ஈரச்சட்டையோடு நடந்து போய்விட்டார்.

சாயந்திரம் பட்டறையில் அறிக்கை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் உடைந்த ஷாஃப்டை எழுதினாள், அதற்குக் கீழே கைப்பிடியையும், தன் பெயரையும் எழுதினாள். வினோதன் இரண்டு தடவை படித்தார்.

"ஷாஃப்ட் உடைஞ்சது, ஆளைப் பத்திரமா இறக்கியாச்சு எண்டு விட்டால் போதாதோ? ஏன் உம்மடை பேரை நீரே கெடுக்கிறீர்?"

"பாஸ், அந்த மனுஷன் என் கையெழுத்த நம்பித்தான் ஏறுனாரு. இந்த ஒண்ண மறைச்சா மத்த பதினோரு வருஷக் கையெழுத்தையும் எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்."

வினோதன் அறிக்கையைப் போட ஒரு கோப்பைத் திறந்தார். "வேணாம் பாஸ், கோப்புல வேணாம்," என்று அறிக்கையை வாங்கிக் கொண்டுபோய் டிரைவர்கள் தாள் வாங்கும் சுவரில் ஒட்டினாள். ஹாஜராவுக்கு மறுநாளே புதுக் குடை போனது. ஒவ்வொரு கைப்பிடியும் கம்பிக்கயிற்றால் அதனதன் வண்டியோடு பிணைக்கப்பட்டது. சோதனைத்தாளில் வண்டி கிளம்புகிற நேரத்தில்தான் கையெழுத்து, முந்தின நாள் கிடையாது. இவ்வளவும் செய்தும் பிச்சைமுத்து அவளோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவளுக்கு வலித்தது. நியாயம்தான் என்றும் தெரிந்தது.

வருஷம் ஓடிற்று. அடுத்த ஆயுத பூஜைக்கு மூன்றாம் நம்பர் சார்பில் சாமி முன்னால் போனது, மடங்கிப்போன அந்தக் குடைக்குழாய். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, பிரமிளா கூடையில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. பிச்சைமுத்து. ஒரு கையில் தே ஐஸ் பொங்கோஸ். இந்தத் தடவை ஸ்ட்ரோவோடு.

நேராகச் சுவருக்குப் போனார். வெயிலில் மஞ்சளாகிப்போன அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு வண்டியிடம் வந்தார். கொக்கியில் இருந்த கைப்பிடியைத் தொட்டு, கம்பிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அந்த மூட்டைய எறக்கு," என்றார்.

"ஏண்ணே?"

"அடுத்த வாரம் லைட் கட்டணும். நான்தான் ஏறப்போறேன், மணலா ஏறப்போவுது? என்னைய வெச்சு எறக்கிக் காட்டு."

கூடைக்குள் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பூம் உயர்ந்தது. பட்டறைக் கூரையைத் தாண்டி, வாசல் மரத்தைத் தாண்டிப் போனது. பிரமிளா இன்ஜினை நிறுத்தினாள். மேலே பிச்சைமுத்து நிதானமாக ஸ்ட்ரோவை வாயில் வைத்தார்.

"ம், எறக்கு தங்கச்சி. எனக்கு அவசரம் இல்ல."

பிரமிளா கைப்பிடியை எடுத்துத் துளையில் போட்டாள். கண் கலங்கியது. டிரைவர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்களே என்று துடைக்கவும் இல்லை. அடித்து, திருப்பி, கால் திருகு திருகி இறக்கினாள். கூடை தரையைத் தொட்டபோது அவர் பையில் பாதித் தே மிச்சம் இருந்தது. தாளை எடுத்தாள், பதினான்காவது கட்டத்தில் டிக் போட்டாள், கையெழுத்தை எப்போதையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.